அந்தோணி தொங்கிய தொட்டில்

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வேலைக்கு வருகிற அந்தோணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பேர் இருந்தது. ஒத்த ஆளு. வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர் முதல் ஆபரேஷன் தியேட்டர் டாக்டர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நோயாளி எத்தனை கனமாக இருந்தாலும் சரி, கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே டேபிளுக்கு, அவர் ஒருவரே தூக்கி வைத்துவிடுவார். குனிவார், கழுத்தைக் கட்டிக்கச் சொல்வார், ‘ஏசுவே’ என்று மூச்சுக்குள்ளே சொல்லிக்கொண்டு நிமிர்வார். சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள் ‘அப்பாடி’ என்பார்கள். அந்த ‘அப்பாடி’க்காகவே இன்னொரு ஆளைத் தூக்கலாம் போல அந்தோணிக்கு இருக்கும்.

நிர்வாகத்துக்கும் இந்தப் பேர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் என்ன செய்யும். மூன்றாம் மாடி ஆண்கள் வார்டில் இரண்டு அட்டெண்டர் போட வேண்டிய ஷிஃப்டில் ஒருவரைப் போட்டார்கள். யாராவது கேட்டால், ‘அந்தோணி இருக்காரே’ என்றார்கள். குடியரசு தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கையோடு அவருக்கு ஒரு ஷீல்டும் கொடுத்தார்கள். ‘ஒற்றை ஆளாக நின்று உழைத்தமைக்கு’ என்று அதில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது. இரண்டாவது ஆளுக்குப் பதிலாகத்தான் இந்தக் கண்ணாடித் துண்டு வந்திருக்கிறது என்பது அந்தோணிக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஷீல்டு வாங்கிய ஆளின் விடியற்காலை எப்படி இருக்கும் என்பது சுகாசினிக்கு மட்டும்தான் தெரியும். சுகாசினி அவர் மனைவி. ஒரு பட்டுக்கடையில், வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை மடித்து அடுக்குகிற வேலை. அந்தோணியால் பாயிலிருந்து நேராக எழுந்திருக்க முடியாது. முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு குப்புறப் புரள வேண்டும், பிறகு முட்டி போட்டுத் தவழ்ந்துபோய் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மனுஷனாக வேண்டும். பத்து மாதக் குழந்தை இதைப் பண்ணினால் வீட்டில் கைதட்டுவார்கள், இவருக்கு யார் தட்டுவார்கள். வலி இடுப்பில் கிளம்பி இடது தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரைக்கும் இறங்கும். எழுந்ததும் தைலம், தைலத்துக்கு மேலே பெல்ட், பெல்ட்டுக்கு மேலே யூனிஃபார்ம்.

“ஆஸ்பத்திரிலதான வேல செய்ற. அங்க இல்லாத டாக்டரா. ஒரு தடவ காட்டினா இன்னா?” என்பாள் சுகாசினி.

“காட்டினா அப்பறம் அந்த ஆஸ்பத்திரிக்குப் பேஷண்ட்டாத்தான் போவணும்” என்பார் அந்தோணி.

அதில் பொய் இல்லை. குமரன் என்று ஒரு அட்டெண்டர் இருந்தான். நல்ல பையன், ஆனால் உலகம் தெரியாதவன். சூப்பர்வைசர் பரசுராமனிடம் போய், இடுப்பு வலிக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் பரசுராமன். ரொம்ப இளகிய மனசு. அவன் தோளில் கை வைத்து, ‘ரெஸ்ட் எடுப்பா’ என்றார். குமரன் இன்னும் ரெஸ்ட்டில்தான் இருக்கிறான். திரும்ப வா என்று யாரும் கூப்பிடவில்லை. ஏதோ ஒரு கடை வாசலில் வாட்ச்மேன் நாற்காலி போட்டு அவன் ரெஸ்ட் எடுப்பதை அந்தோணி பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறார். மகள் பிரவீனா நர்சிங் படிக்கிறாள். அவள் படிப்பு முடிகிறவரைக்கும் இந்த இடுப்பு தாங்கியாக வேண்டும், தாங்காவிட்டாலும் தாங்குகிற மாதிரி இருந்தாக வேண்டும்.

வைத்தியமே பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. திருப்புட்குழியில் நரம்பு நீவிவிடுகிற துரைக்கண்ணு என்ற பெரியவரிடம் போய்வருவார். அதற்கு லீவு வேண்டுமே. ‘சர்ச்சில விசேஷம்’ என்பார். அந்தோணியார் திருநாள், சூசையப்பர் திருநாள், செபஸ்தியார் திருநாள் என்று வரிசையாக எடுத்தார். காலண்டரில் இருந்த புனிதர்கள் தீர்ந்துபோன பிறகு, பங்குச்சாமியாரே கேள்விப்படாத ஒன்றிரண்டு புனிதர்களுக்கும் திருநாள் கொண்டாடினார். “உங்கள்ல இவ்ளோ பண்டிகையா, பரவாயில்லையே” என்று நிர்வாக அதிகாரி ரேணுகாம்பாள் ஆச்சரியப்பட்டு லீவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்வதில் அந்தோணி தனியாள் இல்லை. அதே மாடியில் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொள்கிற மணியம்மாளுக்கு வலது கை காதுக்கு மேலே போகாது. காலையில் வந்ததும் யாராவது ஒருத்தி அவளுக்குக் கொண்டை போட்டுவிட வேண்டும். கேட்டால், ‘துணி காயப்போடசொல்லோ புடிச்சிக்கிச்சி’ என்பாள். லாண்ட்ரியில் ஈரத் துணி மூட்டை இழுக்கிறவளுக்கு முதுகு நிமிராது. பனி ஒத்துக்கவில்லை என்பாள். பெருக்குகிறவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கும், வாயு. சமையல்கட்டில் அண்டா இறக்குகிறவருக்கோ யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள். பனி, வாயு, கண்ணு, துணிக்கொடி என்று எல்லாவற்றின் மேலும் பழி விழுந்தது. வேலையின் மேல் மட்டும் ஒரு சொல் விழவில்லை. வேலை அத்தனை நல்ல பிள்ளை.

இந்த லட்சணத்தில்தான் அபிநயா வந்து சேர்ந்தாள். பிசியோதெரபி படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்த பெண். ஊழியர்கள் யாருக்கும் இடுப்பு, தோள் போகாமல் தடுக்க வேண்டும் என்று ஒரு வகுப்பு எடுத்தாள். முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க, ஆளை உடம்போடு ஒட்டிப் பிடிங்க, முக்கியமா யாரும் தனியாத் தூக்காதீங்க என்றாள். குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கியும் காட்டினாள்.

“அட்டப்பொட்டி கழுத்தக் கட்டிக்கினு தொங்காதும்மா” என்றார் அந்தோணி. எல்லாரும் சிரித்தார்கள்.

“அதனாலதான் சார் ரெண்டு பேர் வேணும்ங்கறேன்” என்றாள் அபிநயா. அதற்கும் சிரித்தார்கள். அந்தோணிதான் அதிகமாகச் சிரித்தார். சிரிக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அபிநயா விடவில்லை. மேலிடத்தில் எழுதிக் கொடுத்து, நச்சரித்து, கடைசியில் நோயாளிகளைத் தூக்குவதற்கென்று ஒரு மிஷின் வரவழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று வாங்க அப்படி ஒன்று இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னதும் ஒரு காரணம். சக்கரம் வைத்த இரும்புக் கால், நடுவே கம்பம், உச்சியில் நீண்ட கை, கையின் நுனியில் கொக்கி, கொக்கியில் ஒரு கனத்த துணி. நோயாளியைத் துணியில் வைத்து பட்டனை அமுக்கினால் அதுவே தூக்கும், அதுவே இறக்கும். “கரண்ட் இல்ல, சார்ஜ் இல்லன்னா பயப்படாதீங்க. இதோ, கம்பத்துமேல இருக்கற இந்தச் சிவப்புக் குமிழை இழுத்தா மெதுவா எறங்கிடும்” என்று அபிநயா சொல்லிக்கொடுத்தாள். மணியம்மாள் மட்டும் தலையாட்டினாள். மற்றவர்கள் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அது வந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். வேறென்ன நடக்கும். மறுநாள் மிஷினைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். ரேணுகாம்பாள் வீட்டில் பட்டு வியாபாரம். புது வண்டியோ புது மிஷினோ, நல்லது எதுவானாலும் ஒரு துண்டாவது பட்டு சாத்தினால்தான் அவருக்கு மனசு ஆறும். அரக்கு பார்டர் போட்ட மாம்பழக் கலர் பட்டை மிஷினின் தலையில் சாத்தினார். கீழ்த்தளத்தில், பிள்ளையார் மாடத்துக்குப் பக்கத்தில், வாஸ்துப்படி ஈசானிய மூலையில் நிறுத்தினார்கள். “இன்ஸ்பெக்‌ஷன் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, அழுக்காயிடும்” என்றார் ரேணுகாம்பாள். மிஷின் சார்ஜர் போடவென்று அங்கே ஒரு பிளக் இருந்தது. அதில் பிள்ளையாருக்கு சீரியல் பல்பு போட்டார்கள்.

நோயாளிகள் மூன்றாம் மாடியில், மிஷின் கீழே. அந்தோணி தினமும் அதைத் தாண்டிப் போய் மாடியில் ஆளைத் தூக்கினார். உள்ளுக்குள் அவருக்கு அதில் ஒரு நிம்மதிகூட. அது வேலைக்கு வந்துவிட்டால் ஒத்த ஆளு என்ற பேர் யாருக்குப் போகும்.

அபிநயா கேட்டுக் கேட்டு அலுத்தாள். “மேடம், அது பேஷண்ட்டுக்கு வாங்கினது.”

“அதான் பேஷண்ட் பார்க்கற எடத்துல வெச்சிருக்கோமே” என்றார் ரேணுகாம்பாள்.

பேஷண்ட்டுகள் பார்க்கத்தான் செய்தார்கள். பிள்ளையாரை அடுத்த கதவு மகப்பேறு பகுதி. பிள்ளை இல்லாத குறைக்கு வைத்தியம் பார்க்க வருகிற பெண்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் என்ன படும்? பிள்ளையாருக்குப் பக்கத்தில், பட்டு சாத்தி, பொட்டு வைத்து, கொக்கியில் துணித் தொட்டில் தொங்குகிற ஒரு சன்னதி. முதலில் யாரோ ஒருத்தி ஒரு மஞ்சள் கயிறு கட்டினாள். அடுத்த வாரம் ஒரு சின்ன மரத்தொட்டில் தொங்கியது. ஒருத்திக்குப் பிள்ளை தங்கியதோ இல்லையோ, தங்கியது என்ற சேதி மட்டும் வேகமாகப் பரவிற்று. தை மாசத்துக்குள் மிஷினின் கை தெரியாத அளவுக்குக் கயிறும் தொட்டிலுமாகக் காய்த்துத் தொங்கியது. வெள்ளிக்கிழமையானால் கற்பூரம் காட்டினார்கள். மகப்பேறு பகுதியில் கூட்டம் கூடியதால் நிர்வாகமும் ஆன்மிகத்தில் தலையிட விரும்பவில்லை.

தரச் சான்றுக் குழு மாசி மாசம் வரப்போவதாகச் சேதி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடித்தார்கள். செத்துப்போன செடிகளை எடுத்துவிட்டுப் புதுச் செடி வைத்தார்கள். மிஷின் மூன்றாம் மாடி வார்டில், தினமும் உழைத்துக் களைத்த மாதிரி நிற்க வேண்டும். அதற்கு முதலில் பட்டை உருவிவிட்டுக் கயிறுகளை அறுக்க வேண்டும். யார் அறுப்பது? பரசுராமன் தன் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லி நழுவினார். லாண்ட்ரிக்காரி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். ரேணுகாம்பாள் அந்தோணியைக் கூப்பிட்டார்.

“நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது அந்தோணி. நாங்க யாரும் அத அறுக்க முடியாது. உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே. உங்கள ஒண்ணும் பண்ணாது.”

அந்தோணிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டித்தான் பிரவீனா பிறந்தாள். கட்டியது சுகாசினி, கூட நின்று கண்ணீர் விட்டவர் இவர். இருந்தாலும் மேலதிகாரி சொல்லும்போது, எனக்கும் நம்பிக்கை உண்டு என்று சர்டிபிகேட்டா காட்ட முடியும். கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கயிறாக வெட்டினார். தொட்டில்களைக் கீழே போட மனசு வரவில்லை. ஒரு துணியில் முடிந்து பிள்ளையார் காலடியில் வைத்தார்.

கடைசியாக ஒன்று இருந்தது. கம்பத்தின் உச்சியில், சிவப்புக் குமிழைச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்ட மஞ்சள் கயிறு.

“இத்த மட்டும் வுட்டுடுப்பா” என்றாள் பக்கத்தில் நின்ற மணியம்மாள். “நான் கட்டினது. எம் பொண்ணுக்காவ. தென்னேரில கட்டிக் குட்த்து இத்தினி வருஷமாவுது, ஒரு புழு பூச்சி இல்ல.”

“அங்க போயி ஏன்க்கா கட்டின? கை எட்டினுச்சா?”

“லாண்ட்ரிக்காரி ஏறிக் கட்டிக் குட்த்தா. அது ஒண்ணுதான் குங்குமக் கலர்ல இருந்துச்சி. மனசுக்குப் புடிச்சிது.”

அந்தோணி கத்திரிக்கோலை மடக்கிவிட்டார். ஒரு கயிறு இருந்தால் எந்தச் சான்று கெட்டுப்போய்விடும்.

மிஷினை மேலே கொண்டுபோக வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் குழு ஏறிப் போக வேண்டிய லிஃப்ட். உள்ளே புதுக் கார்பெட் விரித்து, கண்ணாடி துடைத்து, பூட்டி வைத்திருந்தார்கள். “இரும்பு இடிச்சா கீறல் விழும்” என்றார் ரேணுகாம்பாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சரிவுப் பாதையும் இருக்கிறது. அதில் மருந்துப் பெட்டிகளும் கால் உடைந்த கட்டில்களும் நிரந்தரமாகக் குடியிருந்தன. மிச்சம் இருந்தது படிக்கட்டு. இடுப்பைக் காப்பாற்ற வாங்கிய மிஷினை இடுப்பில் வைத்துத் தூக்கிப்போவது என்று ஒரு மனதாக முடிவாயிற்று.

“இன்னும் ரெண்டு பேரக் கூப்புடலாம்பா” என்றாள் மணியம்மாள்.

“எதுக்கு? நா ஒருத்தன் போதும்” என்றார் அந்தோணி.

இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொன்னார். சுற்றி ஆட்கள் நின்றார்கள், பரசுராமன் நின்றார், ‘அப்பாடி’ என்று சொல்ல எல்லாரும் தயாராக நின்றார்கள். அந்தோணி குனிந்து மிஷினைத் தோளில் ஏற்றி நிமிர்ந்தார். முதல் மாடி ஏறினார். இரண்டாவது மாடிக்குத் திரும்புகிற இடத்தில் இடுப்புக்குள்ளே, தறியில் பாவு நூல் அறுகிற மாதிரி ஒன்று டக்கென்று விட்டுப்போயிற்று. அப்போதும் அவர் மிஷினைப் போடவில்லை. கீறல் விழக்கூடாதே. மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே அப்படியே சரிந்தார்.

அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கயிறு அறுத்த பாவம்.

“சொன்னனே, சாமி குத்தம்” என்றார் பரசுராமன். அவர் எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சமையல்கட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது, சுற்றினார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். எத்தனையோ வருஷமாகத் தூக்கிய உடம்புகள், வராத இரண்டாவது ஆள், மூடிக் கிடந்த லிஃப்ட், இவற்றைப் பற்றி ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அபிநயா மட்டும் ஓடிவந்து, இது முதுகெலும்பில் டிஸ்க் விலகின மாதிரி இருக்கிறது, அசைக்காதீர்கள், ஸ்கேன் பண்ண வேண்டும் என்றாள்.

“எல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் பண்ணலாம். நீ கீழ உன் ரூம்லயே இரும்மா, மேல வராத” என்றார் ரேணுகாம்பாள். கேள்வி கேட்கிற பெண்ணைக் குழுவின் கண்ணில் காட்டுவார்களா.

நான்கு பேர் சேர்ந்து அந்தோணியை மூன்றாம் மாடிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அன்றைக்கு ஒரு ஆளைத் தூக்க நாலு ஆள் கிடைத்தது. மிஷினும் எப்படியோ வந்து சேர்ந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இனி ரெஸ்ட்தான். வாட்ச்மேன் நாற்காலியில் குமரனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடைக்குமா, கிடைத்தாலும் உட்கார முடியுமா, பிரவீனாவின் படிப்புக்கு என்ன வழி. வலியைவிட இந்த நினைப்புதான் அவரை அதிகமாகப் படுத்தியது.

குழு வருகிற நேரம். மிஷினை ஓட்டிக் காட்ட ஒரு நோயாளி வேண்டும். நிஜ நோயாளியைத் தூக்கப் பரசுராமனுக்குப் பயம். ரேணுகாம்பாளின் பார்வை அந்தோணி மேல் விழுந்தது.

“நீங்க சும்மாதானே படுத்திருக்கீங்க. பேஷண்ட்டா இருந்துடுங்க. வாயத் தொறக்க வேணாம்.”

அந்தோணிக்கு நோயாளிச் சட்டை மாட்டினார்கள்.

குழுவுக்குத் தலைமை ஒரு வயதான டாக்டரம்மா. பின்னால் இரண்டு பேர். பேஷண்ட்டாக நடிப்பது நம்ம ஸ்டாஃப்தான் என்று ரேணுகாம்பாள் முதலிலேயே சொல்லிவைத்தார். பரசுராமன் ரிமோட்டோடு நின்றார். அந்தோணியைப் புரட்டித் துணியில் வைத்தபோது அவர் பல்லைக் கடித்தார், கண் ஓரம் நீர் கட்டியது.

“ரொம்ப இயல்பா நடிக்கிறாரே” என்றார் டாக்டரம்மா.

“ட்ரெய்னிங் மேடம்” என்றார் ரேணுகாம்பாள்.

“அந்த மஞ்சக் கயிறு?”

“கலர் கோடிங் மேடம்.”

பரசுராமன் பட்டனை அமுக்கினார். மிஷின் முனகிக்கொண்டு எழுந்தது. துணி இறுகி, முட்டி மடங்கி, அந்தோணி படுக்கையைவிட்டு மேலே எழும்பினார். மேலே போகப் போக அந்த வலி, வருஷக்கணக்காக அவரோடு குடித்தனம் பண்ணின வலி, மெல்ல இறங்கிக் காணாமல் போனது. யாரும் அவர் கழுத்தைப் பிடித்துத் தொங்கவில்லை, யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. ஒரு மனுஷனைத் தூக்குவது இவ்வளவு லேசான காரியமா? இதுவா அத்தனை மாசம் பட்டுச் சாத்திக்கொண்டு கீழே நின்றது? அவருக்கு அழுகை வந்தது. கூடவே, எங்கிருந்து என்று தெரியாமல், கோபமும் வந்தது.

“போதும், இறக்குங்க” என்றார் டாக்டரம்மா.

பரசுராமன் கீழ் பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். ரிமோட்டைத் தொடையில் தட்டினார். சார்ஜ் எல்லாம் பிள்ளையாரின் சீரியல் பல்புக்குப் போன விஷயம் மிஷினுக்கு மட்டும்தான் தெரியும். அந்தோணி அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.

“தினமும் பயன்படுத்தறீங்களா இத?” டாக்டரம்மா கேட்டார்.

“தினமும் மேடம். இது இல்லாம வேலையே ஓடாது.”

டாக்டரம்மா நிமிர்ந்து தொட்டிலைப் பார்த்தார். “சரி, நீங்க சொல்லுங்க. நல்லா நடிச்சீங்க. நிஜ நோயாளிக்கு இது எப்படி இருக்கும்னு நெனைக்கிறீங்க?”

ரேணுகாம்பாள் கண்ணால் கெஞ்சினார். பரசுராமன் கண்ணால் மிரட்டினார். வாயை மூடிக்கொண்டு இருந்தால், ஒருவேளை, ஏதாவது வழி இருக்கலாம். அந்தோணிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நடிப்பு என்ற சொல் அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. வாழ்நாள் முழுக்க அவர் நடித்தது ஒன்றே ஒன்று, வலிக்கவில்லை என்று. அதை யாரும் பாராட்டவில்லை. இன்றைக்கு நிஜமாக வலித்தால், நடிப்பாம்.

“நடிக்கலம்மா” என்றார். “நா பேஷண்ட் இல்ல. பேஷண்ட்டத் தூக்கறவன். இடுப்பு நெஜமாவே போச்சி. இந்த மிஷின மாடிக்குத் தூக்கினு வரசொல்லோ போச்சி. அதுக்கு முன்னாடியே முக்காவாசி போயிருந்துச்சி. ஒருத்தனாத் தூக்கித் தூக்கிப் போச்சி. சொன்னா வேல போயிடும்னு சொல்லல.”

பரசுராமன்தான் முதலில் சமாளித்தார். குரலில் அதே பழைய கனிவு.

“அந்தோணி, நீ டென்ஷன் ஆவாத. ரெஸ்ட் எடுப்பா.”

“அதான் எடுத்துக்கினு இருக்கறேனே” என்றார் அந்தோணி மேலேயிருந்து.

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தது மணியம்மாள். சிரித்தவள் அப்படியே ஒரு அடி முன்னால் வந்தாள். “எனக்கும் தோளு போச்சிம்மா. கை தூக்க முடியாது. துணி காயப்போட்டு இல்ல. ஆளத் தூக்கித்தான்.” அவளுக்குப் பின்னால் லாண்ட்ரிக்காரி முதுகைத் தொட்டுக் காட்டினாள். பெருக்குகிறவள் மணிக்கட்டை நீட்டினாள். கஞ்சி கொண்டுவந்த சமையல்காரர் பாத்திரத்தை வைத்துவிட்டு முட்டியைக் காட்டினார். பனியும் வாயுவும் கண்ணுபட்டதும் ஒரே நிமிஷத்தில் அந்த வார்டைவிட்டு ஓடிப்போயின. தன் ஆஸ்பத்திரியில் எலும்பு மூட்டுப் பிரிவு இத்தனை பெரிசு என்று ரேணுகாம்பாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அதெல்லாம் அப்பறம். முதல்ல இவர எறக்குங்க. இத ஓட்டத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?” என்றார் டாக்டரம்மா.

மணியம்மாள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி ஒரு குரல் விட்டாள். அபிநயா மூச்சு வாங்க ஓடிவந்தாள். நேராகச் சிவப்புக் குமிழுக்குப் போனாள். குமிழ் இழுபடவில்லை. மஞ்சள் கயிறு அதைச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. கத்திரிக்கோலை எடுத்தாள், மணியம்மாள் முகத்தைப் பார்த்தாள், கை நின்றுவிட்டது.

மணியம்மாள் கயிற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

“அறுத்துடும்மா” என்றாள். “புள்ளய அப்பறம் கேட்டுக்கலாம். மொதல்ல இந்த ஆளு எறங்கட்டும்.”

கயிறு அறுந்தது, குமிழ் வந்தது, அந்தோணி மெல்ல மெல்லக் கீழே இறங்கினார். படுக்கையில் பட்டதும் வலி திரும்பி வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே தள்ளிப் படுக்க வேண்டும், முடியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மணிக்கா” என்றார். “ஒரு கை புடி.”

அந்த ஆஸ்பத்திரியில் அந்தோணி வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. மணியம்மாள் நல்ல கையைக் கொடுத்தாள். அபிநயா இன்னொரு பக்கம் பிடித்தாள்.

டாக்டரம்மா சான்றிதழை நிறுத்திவைத்தார். போகும்போது ரேணுகாம்பாளிடம், “இது வேலையில வந்த காயம். இவருக்கு வைத்தியம் இங்கதான், குணமானா வேலையும் இங்கதான். மறுபடி வருவேன். வரும்போது மிஷினும் ஓடணும், இவரும் இருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கார்பெட் விரித்த லிஃப்ட்டில் இறங்கிப் போனார். அப்புறம் என்ன, ஆஸ்பத்திரிக்கு அந்தோணி மேல் திடீரென்று பாசம் பொங்கிற்று. குழுவுக்குக் காட்ட வேண்டிய சாமான்களில் அவரும் ஒன்றாகிவிட்டாரே. பட்டு ஒன்றுதான் சாத்தவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், அபிநயா தினமும் பயிற்சி கொடுத்தாள், சரிவுப் பாதையிலிருந்த பெட்டிகள் வேறு வீடு பார்த்துப் போயின. பிள்ளையாருக்கு வேறு பிளக் போட்டார்கள். பரசுராமன் யாரிடமும் ரெஸ்ட் எடு என்று சொல்வதில்லை, மேலிடத்து உத்தரவு.

அந்தோணி ஆடி மாசத்தில் வேலைக்குத் திரும்பினார். இடுப்பு முழுசாகத் திரும்பவில்லை, இனித் திரும்பாது என்று அபிநயா நேராகவே சொல்லிவிட்டாள். இருக்கிறதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இன்னும் கொஞ்சம் முன்னால் வாயைத் திறந்திருக்கலாமே என்று அவருக்குச் சில ராத்திரிகளில் நெஞ்சு கசக்கும். அந்த ஷீல்டு மாதா பக்கத்தில் இல்லை. சுகாசினி அதை எங்கே போட்டாள் என்று அவர் கேட்கவும் இல்லை.

முதல் நாளே ஆண்கள் வார்டுக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு கனத்த ஆளைக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு முறிவு. கூட வந்த அவர் மனைவி அந்தோணியை அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஐயா, போன தடவ எங்க மாமனார நீங்கதான தூக்கினீங்க. ஒத்த ஆளாவே தூக்கி வெச்சிடுவீங்களே.”

அந்தோணி மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சக்கரத்தைப் பூட்டினார்.

“அந்த ஆளு ரெஸ்ட்ல இருக்கான்மா” என்றார். “மணிக்கா, இப்படி வா. ஒரு கை புடி.”